முன்பல் ஒட்டு மூன்றாவது முறையும் விழுந்தது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

குண்டூசி போட்டு வைக்கும் சின்ன டப்பா ஒன்றைத் திறந்து, உள்ளே பஞ்சில் பொதிந்து வைத்திருந்த துண்டை என் மேஜைமேல் வைத்தார் அந்தப் பெண். சுண்டுவிரல் நகத்தில் கால்வாசி இருக்கும்.

"ஏழு மாசம்கூடத் தாங்கலை டாக்டர்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அதை ஒட்டியவன் நான்.

சொத்தைப் பல்லைப் பல் நிறத்திலேயே அடைப்பதும், உடைந்த முனையைக் காம்போசிட் என்ற பல்நிறப் பிசின் கலவை வைத்துக் கட்டுவதும் பல் மருத்துவர்கள் தினமும் செய்கிற வேலை. நன்றாக வந்த வேலையின் படங்களை எல்லோரும் காட்டுவோம். விழுந்ததை எழுத யாருக்கும் கை வராது. இந்தப் பல்லில் விழுந்த துண்டும் பல்லின் சொந்தக்காரரும் ஒன்றாகத் திரும்பி வந்ததால் எனக்குக் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முன்கதை

வயது 34. தையல் வேலை, ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் மெஷினில் உட்காருகிறார். வேறு நோய் கிடையாது, மருந்து ஒவ்வாமையும் இல்லை. 19 வயதில் படிக்கட்டில் தவறி விழுந்தபோது மேல் வரிசையின் வலது நடு வெட்டுப்பல்லில் உள்மூலை, அதாவது பக்கத்து நடுப்பல்லைத் தொடும் மூலை, சில்லாகப் பெயர்ந்துவிட்டது. பல்லின் கெட்டியான மேலடுக்கான எனாமலும் அதன் கீழுள்ள டென்டினும் போயிருக்கின்றன. பல்கூழ் வெளியே தெரியவில்லை. நரம்பு தப்பித்தது என்று பேச்சில் சொல்வோமே, அது.

உடைந்த துண்டு அப்போது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதையே திருப்பி ஒட்டியிருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. விழுந்த பல் துண்டைத் தூக்கிப் போடாமல், காயவிடாமல், ஈரத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தால் போதும். காய்ந்தே போயிருந்தாலும் ஒட்டுவதற்கு முன் 20 நிமிடம் தண்ணீரிலோ சலைனிலோ ஊறப்போட்டால் நிறமும் ஒட்டும் தன்மையும் பெருமளவு மீளும். துண்டைக் காணோம், உதடும் கிழிந்து வீங்கியிருக்கிறது என்றால் உதட்டுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். துண்டு சில நேரம் அங்கேதான் புதைந்திருக்கும்.

சரி, இவர் கதைக்கு வருவோம். 19 வயதில் போட்ட முதல் ஒட்டு 11 வருஷம் நின்றது. கடைசியில் மஞ்சளித்துப் போயிருந்தது, ஆனாலும் நின்றது. 30-ல் அது விழுந்ததும் வேறோர் இடத்தில் இரண்டாவது ஒட்டுப் போட்டார். அது ஒன்றரை வருஷத்தில் விழுந்தது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் உடைந்த பல்லோடே இருந்துவிட்டு என்னிடம் வந்தார். நான் போட்டது ஏழு மாதம்.

"அந்தக் காலத்து மெட்டீரியல் நல்ல மெட்டீரியல் போல டாக்டர்" என்றார். வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்களாம். ஆனால் இன்றைய காம்போசிட் 15 வருஷத்துக்கு முந்தியதைவிட மோசமில்லை. மெருகு நிற்பதிலும் நிறம் பொருந்துவதிலும் மேல் என்றே சொல்வேன். ஆக, 11 வருஷத்துக்கும் 7 மாதத்துக்கும் இடையில் மாறியது வேறெதுவோ.

துண்டைப் பார்த்தபோது

உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் துண்டைத்தான் பார்த்தேன். ஒட்டு விழுந்து வருகிறவர்கள் பெரும்பாலும் துண்டைத் தொலைத்துவிட்டு வருவார்கள். தொலைக்காமல் வந்தால் பாதி விடை கையோடு வந்த மாதிரி. துண்டு நடுவில் முறிந்திருந்தால் மெட்டீரியலையோ அதன் கனத்தையோ சந்தேகப்படலாம். பல்லோடு ஒட்டிய இடத்திலேயே முழுசாக உரிந்து வந்திருந்தால் ஒட்டிய கையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இது முழுசாக உரிந்து வந்திருந்தது.

உள்பக்கத்தில் எனாமலைத் தொட்ட ஓரம் மங்கலாக, சொரசொரப்பாக இருந்தது. அங்கே கொஞ்சமாவது பிடித்திருக்கிறது. டென்டினைத் தொட்ட நடுப்பகுதியோ நகப்பூச்சு உரிந்து வந்ததுபோல வழவழவென்று பளபளத்தது. அண்ணத்தைப் பார்த்த ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு. ஒரே நாளில் அப்படிக் கறை ஏறாது. விழுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அந்த ஓரத்தில் எச்சில் கசிந்து உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. கூர்முனையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஊசியால் கீறினாற்போல ஒரு மெல்லிய பள்ளம். அது என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை, குறித்து மட்டும் வைத்தேன்.

வழவழப்பு ஏன் கெட்ட செய்தி என்பதற்கு, இந்த ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1955-ல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க அதை ஆசிட்டால் கழுவுகிற தொழிற்சாலை வழக்கத்தைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். 85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்டை எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவினால் பிசின் கெட்டியாக ஒட்டியது. இன்றைக்கு நாங்கள் வைப்பது 37 சதவீதம் அளவில்தான், தத்துவம் அதேதான். எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. ஆசிட் அதைக் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குழிகளாக அரிக்கிறது. தண்ணீர்போன்ற பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகிக்கொள்கிறது. 1962-ல் ரஃபேல் போவன் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ பிசினும் அதில் கலந்த கண்ணாடித் துகளும் சேர்ந்துதான் இன்றைய காம்போசிட்டின் மூதாதை.

டென்டின் அப்படிச் சமத்தாக நடந்துகொள்ளாது. அதில் தாது 70 சதவீதம்தான். மீதி கொலாஜன் நார்களும் தண்ணீரும். ஆசிட் வைத்ததும் தாது கரைந்து நார்கள் மட்டும் ஈரத்தில் மிதக்கும். பிசின் அந்த நார்களுக்கு ஊடே புகுந்து இறுகினால் பிடிப்பு. நாரும் பிசினும் கலந்த இந்தப் படலத்தை 1982-ல் ஜப்பானின் நகபயாஷி விவரித்தார். ஆனால் ஆசிட்டைக் கழுவியபின் காற்றை அதிகமாக ஊதிக் காயவைத்துவிட்டால், நனைந்த தலைமுடி காய்ந்து படிந்துவிடுவதுபோல நார்கள் படிந்துபோகும். பிசின் உள்ளே போக வழியில்லாமல் மேலாக உட்காரும். தொட்டுப் பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும். சில மாதத்தில் உரிந்து வரும், வழவழவென்று.

அன்று அதிகமாகக் காற்று ஊதினேனா என்று என் பழைய குறிப்பில் இல்லை. ஆனால் என் பழக்கம் எனக்குத் தெரியும். எனாமல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும்வரை ஊதுவது, எனாமல் மட்டுமே இருந்தால் சரி. டென்டினும் பக்கத்தில் இருந்தால் தப்பு. குறிப்பில் இருந்தது வேறு இரண்டு விஷயம்: "பஞ்சு உருளை வைத்துச் செய்தது", "ஈறில் லேசான கசிவு". எச்சில் படாமல் பல்லைத் தனியாகப் பிரிக்கும் ரப்பர் விரிப்பு, ரப்பர் டேம், அதைப் போடவில்லை. சின்ன மூலைதானே, பத்து நிமிட வேலைதானே என்று நினைத்திருப்பேன்.

கடியும் நூலும்

பல்லின் நிலைமையைப் பார்த்தோம். குளிர் வைத்தால் பக்கத்துப் பல்லைப்போலவே உணர்ந்தார், எடுத்த ஓரிரு விநாடியில் கூச்சம் நின்றது. தட்டினால் வலியில்லை. எக்ஸ்ரேயில் வேர் முனை சுத்தம். அதாவது 15 வருஷத்துக்குப் பிறகும் நரம்பு நலம், வேர் சிகிச்சைக்கு வேலையில்லை. அதே எக்ஸ்ரேயில் பக்க வெட்டுப்பல்லின் இடுக்கில் ஒரு நிழல். ஏழு மாதத்துக்கு முந்தைய படத்திலும் அது உண்டு, அப்போது எனாமலோடு நின்றிருந்தது. எனாமலோடு நிற்கும் சொத்தையைத் தோண்ட வேண்டியதில்லை. ஃபுளோரைடும் இடுக்குச் சுத்தமும் போதும். அதைத்தான் அப்போதும் சொல்லியிருந்தேன். இப்போது அது டென்டினைத் தொட்டிருந்தது. பின்பக்கமிருந்து விளக்கு அடித்தபோது இடுக்கில் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

அப்புறம் கடி. மையிட்ட மெல்லிய தாளைப் பல்லிடையே வைத்துச் சும்மா கடிக்கச் சொன்னால் எல்லாம் ஒழுங்கு. கீழ்த்தாடையை முன்னே தள்ளி முனையோடு முனை வைக்கச் சொன்னபோது கீழ் வெட்டுப்பல் ஒன்று, லேசாகத் திரும்பிய ஒன்று, தன் கூர்மூலையால் சரியாக அந்த உடைந்த மூலை இருக்கும் இடத்தில் மோதியது. போன முறை நான் சும்மா கடிக்கவைத்து மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. தாடையை அப்படி முன்னே தள்ளி யாரும் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதில்லை. நகம் கடிப்பீர்களா, பேனா கடிப்பீர்களா, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாக வீட்டில் யாராவது சொல்கிறார்களா என்று போன முறையும் கேட்டிருந்தேன், இந்த முறையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

விடை வந்தது, நான் தேடாத நேரத்தில். இடுக்குச் சொத்தை இருப்பதால் ஃபிளாஸ் நூல் போடச் சொல்லிக்கொடுக்கலாம் என்று டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். ஒரு சாண் இழுத்தார். டப்பாவிலேயே அறுப்பதற்கு ஒரு தகடு இருக்கிறது, அதை அவர் பார்க்கவே இல்லை. நூல் நேராக வாய்க்குப் போனது, தாடை முன்னே வந்தது, தலை இடப்பக்கம் ஒரு வெட்டு. நூல் அறுந்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை.

நானும் உதவியாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நூலை எப்பவும் இப்படித்தான் அறுப்பீங்களா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கை கத்திரிக்குப் போறதுக்குள்ள வாய் வெட்டிடும் டாக்டர். நான் கவனிக்கிறதே இல்லை."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருக்கும்?"

"எண்ணினதில்லை. ஒரு சட்டைக்கே பத்து இருபது தடவை இருக்கும்."

துண்டின் முனையில் இருந்த பள்ளம் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. பக்கத்து நடுப்பல்லை ஈரம் துடைத்துப் பார்த்தால் அதிலும் அதே கீறல், இன்னும் சின்னதாக. தையல் தொழிலில் உள்ளவர்கள் பல்லில் இது வரும் என்று படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். தையல்காரர் என்று என் கையாலேயே எழுதிய சீட்டு எதிரே இருந்தும் கேட்கத் தோன்றவில்லை. சொந்தமாக மெஷின் வாங்கித் தொழில் தொடங்கியது எப்போது என்று விசாரித்தேன். 29 வயதில் என்றார். 11 வருஷம் நின்ற ஒட்டு விழுந்தது 30 வயதில்.

எப்படிக் கட்டுவது

அவர் முதலில் கேட்டது கிரீடம். கேப் போட்டுவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடுமே என்று. கேப்புக்குப் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். ஒரு மூலை போனதற்காக நல்ல எனாமலில் பெரும்பகுதியை நாமே எடுத்துவிடுவோம். 34 வயதில், உயிரோடு இருக்கும் பல்லில், எனக்கு அதில் உடன்பாடில்லை. பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு, அதாவது வெனீர், என்றால் உதட்டுப்பக்கம் சுமார் அரை மில்லிமீட்டர் சீவினால் போதும், பார்க்கவும் அழகு. ஆனால் அதன் முனையும் நூலுக்கு முன் சில்லு விடும். விட்டால் வாயிலேயே ஒப்பேற்றுவது கஷ்டம். காம்போசிட் அவ்வளவு காலம் உழைக்காது, கறை ஏறும், மெருகு போகும். ஆனால் பல்லைச் சீவவேண்டியது மிகக் குறைவு, உடைந்தால் உடைந்த இடத்தில் மட்டும் சேர்த்துக் கட்டலாம். காம்போசிட் என்று முடிவானது. கத்திரியை ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வதாக அவரே சொன்னார்.

அன்றைக்கே செய்யவில்லை. ஈறு தொட்டால் ரத்தம் வந்தது. ரத்தம் வரும் ஈறுக்குப் பக்கத்தில் எந்தப் பிசினும் ஒட்டாது. பல்லைச் சுத்தம் செய்து, இடுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுத்து, இரண்டு வாரம் விட்டோம். அளவெடுத்து வார்த்த மாதிரியில் மெழுகால் மூலையை உருவாக்கி, அதன் அண்ணப்பக்கத்தைச் சிலிக்கான் புட்டியில் அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

"அதுக்குள்ள பல்லை வெள்ளையாக்கிக்கலாமா?" என்று கேட்டார். செய்யலாம்தான், ஆனால் பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது கழித்துத்தான் ஒட்ட வேண்டும். பல்லுக்குள் தங்கும் ஆக்சிஜன் பிசினை இறுகவிடாது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

நாற்காலியில்

இரண்டு வாரம் கழித்து ஈறு இளஞ்சிவப்பாக, இறுகி இருந்தது. முதல் வேலை நிறம் பார்ப்பது. இதை ஊசி போடுவதற்கும் முன்னால், வாய் ஈரமாக இருக்கும்போதே செய்ய வேண்டும். பல் சில நிமிடம் காய்ந்தாலே வெளுத்துவிடும். அந்த வெளுப்பைப் பார்த்து நிறம் எடுத்தால், பல் மறுபடி ஈரமேறியதும் ஒட்டு மட்டும் பளீரென்று தனியாகத் தெரியும். நிற அட்டவணையை மட்டும் நான் நம்புவதில்லை. ஏ2, அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த ஏ3 என்ற இரண்டு நிறங்களிலும் துளி எடுத்துப் பல்லின் மேலேயே, ஒட்டுப் பசை இல்லாமல் வைத்து, விளக்கடித்து இறுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே டென்டினுக்கு ஏ3, மேலே எனாமலுக்கு ஏ2. துளிகள் நகத்தால் தட்டினாலே வந்துவிடும்.

மரத்துப்போக ஊசி போட்டபின் ரப்பர் டேம். 1864-ல் சான்ஃபோர்ட் பார்னம் கண்டுபிடித்த ஒரு ரப்பர் துண்டு. ஓட்டை போட்டுப் பல்லை மட்டும் வெளியே எடுத்துக்கொள்கிறோம். வெள்ளி அடைப்புக் காலத்தில் இதைப் போடாமல் சமாளித்தார்கள், ஏனென்றால் அது குழியின் வடிவத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் பொருள். கொஞ்சம் ஈரம் பட்டாலும் உட்கார்ந்துகொள்ளும். காம்போசிட் அப்படியில்லை. மூச்சுக்காற்றின் ஈரம்கூட அதற்குப் பிடிக்காது. டேம் போட ஐந்து நிமிடம் ஆகிறது என்று நான் தவிர்த்ததுண்டு. அந்த ஐந்து நிமிடத்தின் கணக்கு டப்பாவில் வந்து என் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

பக்கப்பல் சொத்தையை முதலில் முடித்தேன். அண்ணப்பக்கமிருந்து நுழைந்ததால் உதட்டுப்பக்க எனாமல் அப்படியே நின்றது. மெத்தென்று சுரண்டினால் வரும் டென்டின் போனது. நிறம் மாறியும் கெட்டியாக இருந்ததை விட்டுவிட்டேன். பழுப்பாக இருப்பதெல்லாம் சொத்தை இல்லை. ஓரங்களில் மட்டும் சமரசமே கிடையாது. சுற்றிலும் நல்ல எனாமல் கிடைக்கும்வரை சுத்தம். இந்தக் குழி ஆழமில்லை. நரம்புக்கு மிக அருகே போகும் குழி என்றால், ஓரங்களைச் சுத்தமாக்கிவிட்டு அடியில் கொஞ்சம் மெத்தென்ற டென்டினை விட்டே மூடுவது நல்லது என்பதுதான் இப்போதைய நிலை. மொத்தத்தையும் தோண்டி எடுத்து நரம்பைத் திறந்துவிடுவதைவிட அது மேல்.

பிறகு உடைந்த மூலை. பழைய காம்போசிட்டின் மிச்சம் பல்லில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தெரியாது. உலோகக் கருவியால் லேசாகத் தேய்த்தால் காம்போசிட்டில் மட்டும் சாம்பல் கோடு விழும். கோடு விழுந்த இடமெல்லாம் எடுத்தேன். வருஷக்கணக்கில் சீண்டப்பட்ட டென்டின் கண்ணாடிபோல இறுகியிருந்தது. அதன் நுண்குழாய்கள் தாதுவால் அடைபட்டுப்போயிருக்கும், பிசின் சுலபத்தில் நுழையாது. அதனால் மேற்பரப்பை மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கினேன். உதட்டுப்பக்க எனாமலில் 2 மி.மீ. நீளத்துக்கு, நேர்கோடாக இல்லாமல் அலையலையாகச் சரிவு வெட்டினேன். எனாமல் தண்டுகளின் நுனி வெளியே வந்தால் ஆசிட் நன்றாக வேலை செய்யும். ஓரமும் கண்ணுக்குத் தெரியாமல் கரையும். அண்ணப்பக்கம் சரிவு வெட்டவில்லை. கடி விழும் இடத்தில் மெல்லிசான ஓரம் நிற்காது.

இந்த முறை ஆசிட் எனாமலுக்கு மட்டும், 30 விநாடி. டென்டினைத் தொடவிடவில்லை. அதற்குத் தானே லேசாக அரித்துக்கொண்டு ஒட்டும் எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் கலந்த பசை இருக்கிறது. எவ்வளவு காயவைப்பது, எவ்வளவு ஈரம் விடுவது என்கிற சூதாட்டம் அதில் குறைவு. பசையைப் பூசிவிட்டு விட்டுவிடக் கூடாது. 20 விநாடி தூரிகையால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் மெல்லக் காற்று, பசைமேல் அலை ஓடுவது நிற்கும்வரை. உள்ளிருக்கும் கரைப்பான் பறந்தால்தான் பிசின் முழுசாக இறுகும். பிறகு நீல விளக்கு.

விளக்கைப் பற்றி ஒன்று. பிசினில் கலந்த கேம்ஃபர்குவினோன் 468 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியில் விழித்துக்கொண்டு இறுகலைத் தொடங்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், தூரத்தில் பிடித்தால், மேலே கல், அடியில் களி. இறுகும்போது காம்போசிட் கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கவும் செய்யும். மொத்தமாக வைத்தால் அந்த இழுப்பிலேயே ஓரம் விட்டுப்போகலாம். அதனால்தான் 2 மி.மீ.க்கு மிகாமல் அடுக்கடுக்காக.

சிலிக்கான் அச்சில் அண்ணப்பக்கத்துக்கு அரை மி.மீ. கனத்தில் எனாமல் நிறத்தைப் பரப்பி, அச்சோடு பல்லின் பின்னால் வைத்து இறுக்கினேன். அச்சை எடுத்ததும் மூலையின் வடிவம் காகிதம்போல நின்றது. பக்கத்துப் பல்லில் டெஃப்லான் டேப், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க. உள்ளே டென்டின் நிறத்தை மூன்று விரல்போல, முனைவரை போகாமல் முன்னமே நிறுத்தினேன். இளம் பல்லின் முனையில் ஒளி ஊடுருவும் நீலச் சாம்பல் பட்டை ஒன்று தெரியும், அதற்கு இடம் வேண்டும். மேலே எனாமல் அடுக்கு, தூரிகையால் நீவி. கடைசி விளக்கைக் கிளிசரின் ஜெல் பூசிய பின் அடித்தேன். காற்றுப் பட்டால் மேல்தோல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

டேமை எடுத்ததும் மறுபடி கடி. சும்மா கடித்து, முன்னே தள்ளி, இடம் வலம் நகர்த்தி, கடைசியாக நூல் வெட்டுவதுபோல அபிநயம் பிடிக்கச் சொல்லி. கீழ்ப்பல்லின் அந்தக் கூர்மூலையை, எனாமலுக்குள்ளேயே, மயிரிழை அளவு மழுக்கினேன். இப்போது முனையோடு முனை வைத்தால் கனம் நாலு பல்லிலும் பரவியது.

மெருகு வேறொரு நாள்

அன்று மாலை கண்ணாடியைப் பார்த்து அவருக்குத் திருப்தியில்லை. ஒட்டு மஞ்சளாகத் தெரிகிறது என்றார். பல்தான் காய்ந்து வெளுத்திருக்கிறது, ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். ஒரு வாரத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஆனால் பல் அகலமாகத் தெரிந்தது. அளந்து பார்த்தால் பக்கத்துப் பல்லும் அதே அகலம். பல்லின் உதட்டுப்பக்கத்தில் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழே ஓடும் மடிப்பு விளிம்புகள் உண்டு. ஒளி அதில்தான் திரும்புகிறது. நம் கண் அகலத்தைக் கணிப்பது அந்த இரண்டு ஒளிக்கோடுகளுக்கு நடுவேதான். நான் கட்டிய மூலையில் அந்த விளிம்பு கால் மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. பென்சிலால் பக்கத்துப் பல்லின் விளிம்பைக் கோடு போட்டு, அதற்கு எதிரொலியாக இதில் ஒரு கோடு போட்டு, டிஸ்க்கால் அங்கே மட்டும் தேய்த்தேன். பல் ஒல்லியானது. பிறகு கரடு முதல் நைசுவரை வரிசையாக நாலு டிஸ்க், ரப்பர், கடைசியில் பேஸ்ட். இந்த மெருகுக்கு எடுத்த நேரம் கட்டிய நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மெருகு சரியில்லாத காம்போசிட்தான் சீக்கிரம் கறை பிடிக்கும்.

பிறகு

ஆறு மாதத்தில் குறை எதுவுமில்லை. நரம்பு நலம், ஈறு சுத்தம், பக்கப்பல் அடைப்பின் ஓரம் இறுக்கம். ஒரு வருஷத்தில் உதட்டுப்பக்கம் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு. டிஸ்க் வைத்து இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. அண்ணப்பக்க ஓரத்தைத்தான் ஒவ்வொரு முறையும் முதலில் பார்க்கிறேன். கசிவு இல்லை.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, சக மருத்துவர்கள் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். ரப்பர் டேம், பசை, சரிவு, கடி, நூல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். எது காப்பாற்றியது என்று ஒரு பல்லை வைத்துச் சொல்ல முடியாது. வழவழப்பும் கசிவும் என் கையைக் காட்டுகின்றன. கீறலும் 30 வயது என்ற தேதியும் நூலைக் காட்டுகின்றன. என் கணிப்பில், சரியாக ஒட்டாததை நூல் சீக்கிரம் விழவைத்தது. சரியாக ஒட்டியிருந்தால் நூல் அதை உரித்திருக்காது, சில்லு மட்டும் விட்டிருக்கும்.

இருபதாவது மாதம் அதுவும் நடந்தது. முனையில் ஒரு மி.மீ.கூட இல்லாத சில்லு. ஒட்டு அசையவில்லை, மெட்டீரியல்தான் பெயர்ந்திருந்தது.

"கழுத்துல கத்திரி இருந்ததே, என்ன ஆச்சு?"

"பொண்ணு ஸ்கூல் வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டா டாக்டர். அன்னைக்கு ஒரு நாள்தான். நாலு சட்டை அவசரம்."

மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஆசிட்டால் சுத்தம் செய்து, பழைய காம்போசிட்டோடு புதியது பிடிக்க உதவும் சைலேன் திரவமும் பசையும் பூசி, எனாமல் நிறத்தில் ஒரு துளி சேர்த்து மெருகிட்டேன். டேம் போட்ட ஐந்து நிமிடத்தையும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். போகும்போது இன்னொரு கத்திரி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.